நான்காவது சுண்டுவிரல் பதிவு

பெட்டி வாங்க வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியை வைத்தே அது எப்படிப்பட்ட வீடு என்று சொல்லிவிடுவேன். "எத்தனை டெராபைட்டுங்க?" என்று கேட்டால் கல்யாண வீடியோவைத் தவிர வேறு கவலை இல்லாத வீடு. "கரண்ட் ரொம்ப இழுக்குமாங்க?" என்றால் கரண்ட் பில்லை மாமனார் கட்டுகிற வீடு. பத்தொன்பது வருடமாகக் கோயமுத்தூர் காந்திபுரத்தில் இதே கடை. பிரமிளா அக்காவுக்கு வாய் நீளம், ஆனால் பொய் சொல்லி விற்கமாட்டாள் என்று தெருவில் பேர். இரண்டுமே உண்மைதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, புருசனுக்கு ஓரடி பின்னால் வந்து நின்ற பெண் கேட்டாள்: "யாராச்சும் பெட்டியத் தூக்கிப் போட்டு ஒடச்சுட்டா, அதுக்கு முன்னால பதிஞ்சது இருக்குமாங்க்கா?"

பத்தொன்பது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்டதில்லை.

பெட்டி தெரியாத வீடு இப்போது கிடையாது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். யார் முகத்தையும் எந்த வீடியோவிலும் ஒட்டலாம் என்று ஆனபிறகு, கோர்ட்டும் போலீசும் செல்போன் வீடியோவை நம்புவதையே விட்டுவிட்டன. வீட்டுக் கேமராப் படங்களை வெளியூர் சர்வரில் வைக்கக்கூடாது என்றும் சட்டம் வந்தது. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு சேமிப்புப் பெட்டி. வைஃபையில் இருக்கிற கேமரா, போன், டிவி எல்லாம் அதில்தான் எழுதும். எழுதுகிற ஒவ்வொன்றிலும் அரசு முத்திரை விழும். முத்திரை இருந்தால்தான் சாட்சி. இல்லாவிட்டால் அது வெறும் சினிமா.

இரண்டு ரகம் உண்டு. எழுதியதை ஏழு வருடத்துக்கு யாராலும் அழிக்க முடியாதது ஒன்று. எங்கள் தெருவில் அதற்குக் கல்வெட்டு என்று பேர். அழிக்க முடிகிறது இன்னொன்று, அது சிலேட்டு.

"அவளுக்கு என்னுங்க தெரியும்? சீரியல் பாத்துப் பாத்து இப்படித்தான் எதையாச்சும் கேப்பா," என்று சிரித்தார் புருசன். பேர் பூபதி. இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, பணிவான பேச்சு. ஆளைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஐந்து மாடல்களை ஒப்பிட்டு, மஞ்சள் பேனாவால் கோடு போட்ட நாலு பக்கப் பிரிண்ட் அவுட்டை மேசையில் விரித்தார். "நான் எல்லாம் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேனுங்க்கா. ரெண்டு டிஸ்க் போட்ட சிலேட்டு வேணுமுங்க."

"கல்வெட்டு பாருங்களேன். இன்சூரன்ஸ்ல தள்ளுபடி உண்டு."

"வேண்டாமுங்க. வீட்டுல நடக்கறதெல்லாம் ஏழு வருசம் எதுக்குங்க?"

நியாயமான பேச்சுதான். பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். நானும் வழக்கம்போல ஆரம்பித்தேன். "ரெண்டு டிஸ்க் போட்டா, ஒண்ணுல எழுதறது இன்னொண்ணுலயும் அப்படியே விழும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, ஒரு பக்கம் அழிச்சா ரெண்டு பக்கமும் போயிரும்."

"அது நல்லதுங்க," என்றார்.

இதைக் கேட்டதும் எல்லோரும் "ஐயையோ" என்பார்கள். "நல்லது" என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த ஒயர்களை எண்ணிக்கொண்டிருப்பவள்போல நின்றாள். எனக்கு விளங்கிவிட்டது. இனி இந்தக் கதையில் பூபதிக்கு மரியாதை கிடையாது.

"அழிச்சா சுத்தமா போயிருமுங்களா?" என்று கேட்டான்.

பொய் சொல்லமாட்டேன் என்று சொன்னேன் அல்லவா? "உங்க ஸ்கிரீன்ல இருந்து போயிரும். அதோட நிழல் நாப்பது நாள் உள்ள கெடக்கும். தெரியாம அழிச்சவங்களுக்காக வெச்ச விதி. உரிமையாளர் விரல வெச்சா நிழலையும் தொடச்சுக்கலாம்."

"உரிமையாளர் நான்தானே. அப்பச் சரிங்க."

சரக்கு எடுக்க உள்ளறைக்குப் போனேன். மேல்தட்டில் கல்வெட்டு, கீழ்த்தட்டில் சிலேட்டு. வெளிக்கூடு இரண்டுக்கும் ஒன்றுதான். உள்ளே இருக்கிற பலகைதான் வேறு. நாலு திருகாணியைக் கழற்றினால் மாற்றிவிடலாம். லைசென்ஸ் போகும், போகட்டும் என்று திருப்புளியைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. வீட்டுக்குப் போய் இவன் அழிக்கிற பட்டனை அழுத்துவான். "அழிக்க இயலாது" என்று வரும். அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவான்? என் மேலா? திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு சிலேட்டையே எடுத்து வந்தேன். என் கையாலாகாத்தனத்தை நினைத்து எனக்கே எரிச்சலாக இருந்தது.

"பேங்க்ல லோனுக்கு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பெட்டிப் பதிவு நம்பர் குடுக்கணுமுங்க. சீக்கிரம் போட்டுருங்க்கா," என்றான் பூபதி.

பதிவுக்கு ரேஷன் கார்டு எண்ணை அடித்தேன். குடும்பத் தலைவர் யாரோ அவர்தான் பெட்டிக்கு உரிமையாளர், அது சட்டம். திரையில் பேர் வந்தது. நான் ஒருமுறைக்கு இரண்டு முறை படித்தேன்.

"உரிமையாளர், கோகிலவாணி," என்றேன். "அது யாருங்க?"

"நாந்தானுங்க," என்றாள் அவள்.

பூபதியின் சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. வீட்டம்மா பேரில் கார்டு இருந்தால் மாதாமாதம் ஏதோ அரசு உதவி வருகிறது என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் இவன்தான் போய் வரிசையில் நின்று பேரை மாற்றியிருக்கிறான். இங்கே பாதி வீட்டில் அப்படித்தான். மாற்றினதை மறந்தும்விட்டான்.

"அதை என் பேருக்கு மாத்துங்க."

"என் கையில இல்லீங்க. தாலுகா ஆபீஸ்ல ஒரு மாசம் ஆகும். அவங்களும் வந்து ரேகை வெக்கோணும்."

கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "சரி, பேருக்குத்தானே. விரல் எங்க போயிரப் போவுது? வீட்டுலதானே இருக்கு," என்றான் சிரித்துக்கொண்டே.

அந்த விரலை அவன் எப்படிப் பிடித்து வைக்க வைப்பான் என்று எனக்குத் தெரிந்தது.

ஆனால் ஒரு விதி அவனுடைய பிரிண்ட் அவுட்டில் இல்லை. உரிமையாளர் ரேகை வைக்கும்போது மறைப்புக்குள் அவரும் லைசென்ஸ் உள்ள கடைக்காரரும் மட்டும்தான் இருக்கலாம். வோட்டுப் போடுகிற இடத்து அட்டை மறைப்பு மாதிரி என் கடையிலும் மூலையில் ஒன்று உண்டு, கதவோடு. உள்ளே நடப்பதை வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் எனக்குத்தான் தண்டனை.

"எவ்வளவு நேரமாகும்?" என்றான்.

"அஞ்சு நிமிசமுங்க."

கதவைச் சாத்தியதும் நான் தணிந்த குரலில், வேகமாகச் சொன்னேன். "கண்ணு, நல்லாக் கேட்டுக்கோ. ரெண்டு விரல் பதியோணும். கட்டைவிரல் நெசமான விரல். இன்னொண்ணு நடிக்கிற விரல். கத்தியக் காட்டித் தொறக்கச் சொல்ற திருடனுக்காகக் கொண்டுவந்தது. அந்த விரல வெச்சா நிழலத் தொடச்சுட்டேன்னு பெட்டி சொல்லும். ஆனா தொடைக்காது. நீ சொல்ற ஒரு வெளியாளுக்கு மெசேஜ் போகும்."

அவள் இடது கைச் சுண்டுவிரலை நீட்டினாள். அந்த விரல் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

"யாரு பேரப் போடட்டும்?"

"அம்மா இல்லீங்க. அண்ணன் இவரோட தொழில்ல கூட்டு." கொஞ்சம் யோசித்தாள். "உங்க பேரப் போட்டுக்கலாமுங்களாக்கா?"

"நான் கடக்காரி கண்ணு. நேத்து வரைக்கும் உன்னைத் தெரியாது."

"அதனாலதானுங்க கேக்கறேன். தெரிஞ்சவங்க எல்லாரும் அவர் பக்கமுங்க."

விற்கிறவள் பேர் போடக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அப்புறம் ஏழு முறை படித்துப் பார்த்துவிட்டேன். அந்த நிமிடம் அதெல்லாம் யோசிக்காமல் என் கட்டைவிரலை வைத்துவிட்டேன்.

"கடைசியா ஒண்ணு. எத்தனை நிழல் சேந்ததுக்கு அப்புறம் நான் எங்க இருந்தும் பெட்டியத் தொறக்கலாம்னு நீ சொல்லோணும். ஒண்ணுன்னு போட்டுர்றேன்."

"நாலு போடுங்க்கா."

"என்ன பேச்சுப் பேசற?"

"ஸ்டேசனுக்கு ரெண்டு தடவ போயிட்டேனுங்க. பெட்டி இருக்கான்னு கேட்டாங்க, இல்லைன்னேன். எழுதிக்கூட வாங்கல. எங்க தெருவுல ஒருத்திகிட்ட பெட்டி இருந்துச்சு. அடிச்ச படம் ஒண்ணு காட்டினா. புருசன் பொண்டாட்டி சண்டை, பேசித் தீத்துக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்த அன்னிக்கு என்ன ஆச்சுன்னு அவளுக்குத்தான் தெரியும். ஒண்ணு ரெண்டெல்லாம் சண்டையிங்க. நாலு இருந்தா நம்புவாங்க."

"நிழல் நாப்பது நாள்தான் கண்ணு. மொத ஒண்ணு விழுந்து நாப்பது நாளுக்குள்ள நாலும் ஆகோணும். இல்லைன்னா மொதல்ல விழுந்தது கழண்டுக்கும். அப்புறம் இந்த நம்பர மாத்தோணும்னா மறுபடி நீ இங்கதான் வரோணும்."

"நாப்பது நாளுக்குள்ள ஆயிருமுங்க," என்றாள். பால் பாக்கெட் வந்துவிடும் என்று சொல்வதுபோல.

வெளியிலிருந்து பூபதி கதவைத் தட்டினான். நான் நாலு என்று அடித்தேன். என் கையே எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டி வாங்கிப் போன ஒன்பதாம் நாள் மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்து முதல் வாய் வைத்தேன். போன் அடித்தது. "உரிமையாளர் கோகிலவாணி. சுண்டுவிரல் பதிவு: 1." சோற்றை மூடி வைத்துவிட்டேன். என்ன செய்வது? போலீஸ் உதவி எண்ணுக்குப் பேசினேன். புகார் கொடுக்க வேண்டியவர் அவர்தானே, நீங்கள் யார் என்றார்கள். நியாயம், நான் யார்? பெட்டிப் பதிவில் இருந்த போன் நம்பருக்கே அடித்தேன். பூபதிதான் எடுத்தான்.

"கடையில இருந்து பிரமிளாங்க. பெட்டி எப்படி வேலை செய்யுதுன்னு கேக்கலாம்னு..."

"அருமையா வேலை செய்யுதுங்க்கா," என்றான். "நீங்க சொன்ன மாதிரியே சுத்தமாத் தொடைக்குது."

போனை வைத்துவிட்டுக் கடைக் காலண்டரை எடுத்தேன்.

அன்றை முதல் நாளாக வைத்து அதில் எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டாம் நாள் இரண்டாவது மெசேஜ். அன்றும் கூப்பிட்டேன். "உரிமையாளரக் கூட்டிட்டு வாங்க, ஒரு சின்னப் பதிவு விட்டுப்போச்சு, அஞ்சே நிமிசம்." எப்படியாவது மறைப்புக்குள் இழுத்து அந்த நாலை இரண்டாக்கிவிட வேண்டும்.

"அவளுக்கு ஒடம்பு சரியில்லீங்க. எந்திரிக்க முடியாமப் படுத்திருக்கா. நான் வேணா வர்றேன்."

"பரவால்லீங்க. அப்புறமாப் பாத்துக்கலாம்." அதிகம் வற்புறுத்தினால் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகமும் அவள் முதுகில்தான் விழும்.

பிறகு ஒன்றுமில்லை. பதினைந்து, இருபது, இருபத்தைந்து. முதலில் நிம்மதியாக இருந்தது. திருந்திவிட்டானோ என்றுகூட நினைத்தேன், பைத்தியக்காரி. முப்பத்து நாலாம் நாள் மூன்றாவது வந்தது. எனக்கு ஆறு நாள் மிச்சம் தெரிந்தது. ஆறு நாளில் நாலாவது வராவிட்டால் முதலாவது கழன்றுவிடும். மூன்று மறுபடி இரண்டாகிவிடும். அவள் பட்டதெல்லாம் வீண்.

முப்பத்தைந்து. ஒன்றும் வரவில்லை. முப்பத்தாறு. கடைக்கு வந்தவர்களிடம் எரிந்து விழுந்தேன். முப்பத்தேழு. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டாம் நாள் காலை பல் விளக்கும்போது கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தேன். "இன்னும் வரலையே, சீக்கிரம் வந்துட்டாத் தேவலை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்ன சொல்கிறோம் என்று உறைத்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண்பிள்ளை அடி வாங்குவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன். அது சீக்கிரம் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என் நாக்கு அழுகிப்போக. அந்தச் சனியன் பிடித்த எண்ணை அடித்தது இந்தக் கைதானே? அழுதேன். கல்யாணம் காட்சி என்று எதற்கும் அழுகிற ஆள் இல்லை நான்.

முப்பத்தொன்பதாம் நாள் முடிவு பண்ணிவிட்டேன். பெட்டியாவது மண்ணாவது. வீட்டு முகவரி பதிவில் இருக்கிறது. நேராகப் போவது, கதவைத் தட்டுவது, அவளையும், ரேஷன் கார்டில் பேர் இருந்த பிள்ளையையும் கையோடு கூட்டி வருவது. ஷட்டரைப் பாதி இறக்கியிருப்பேன், போன் அடித்தது.

"சுண்டுவிரல் பதிவு: 4. திறக்க அனுமதி உண்டு."

ஷட்டரை விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அவசரத்தில் இரண்டு முறை ரேகை சரியாக விழவில்லை. மூன்றாவது முறை திறந்தது. நாலு நிழலும் வரிசையாக இருந்தன. முதல் மூன்றையும் பார்த்தேன். அவற்றில் என்ன இருந்தது என்று இங்கே எழுதமாட்டேன். அவளுடைய சுண்டுவிரல் முன்பே எப்படிக் கோணலாகியிருக்கும் என்று புரிந்துகொண்டேன், அவ்வளவு போதும்.

நாலாவதைத் தொடப் பயமாக இருந்தது. மூன்றாவதே அப்படி இருந்ததால் நாலாவதில் அவள் உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ என்று தோன்றியது. தொட்டேன்.

வீட்டுக்கூடம். அவன் இல்லை. கோகிலவாணி கேமராவுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆறு வயதுப் பெண் குழந்தை, பள்ளிக்கூடப் பை மாட்டிக்கொண்டு. பை புடைத்துக்கொண்டிருந்தது, புத்தகம் இல்லை, துணிமணி.

"அக்கா," என்றாள் கேமராவைப் பார்த்து. "மூணு நிழல் ஆச்சுங்க. நாளைக்கு மொத ஒண்ணு போயிரும். நேத்துப் பூரா நானே நெனச்சுட்டு இருந்தேனுங்க, இன்னும் அடிக்கலையே, அடிக்கலையேன்னு. சாம்பார்ல உப்பக்கூட வேணும்னே அதிகமாப் போட்டுட்டேன். அப்ப பாப்பா கேட்டா, ஏம்மா அப்பாவுக்குக் கோவம் வர்ற மாதிரி பண்றேன்னு." குழந்தையின் பைப் பட்டையைச் சரிசெய்தாள். "அவ கேட்டதும் எனக்கே என்னமோ ஆயிருச்சுங்க. இனி என்னால முடியாதுங்க்கா. அவர் திருப்பூர் போயிருக்காரு, சாயங்காலந்தான் வருவாரு. இதைப் பேசிட்டு நானே அழிச்சு, நானே சுண்டுவிரல வெச்சுர்றேன். நாலாவது கணக்குல வந்துரும். ஸ்டேசன் வாசல்ல நிக்கறேன். வந்துருங்க."

படம் அங்கே முடிந்தது.

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. ஸ்டேசன் வாசலில் வேப்பமரத்தடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். குழந்தை தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் திருகிக்கொண்டிருந்தது. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். உள்ளே போனோம்.

உதவி ஆய்வாளர் ஒரு பெண்தான், ஐம்பது வயதிருக்கும். என் போனை வாங்கி முத்திரையைச் சோதித்தார். நாலையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். முதல் மூன்றைப் பார்க்கும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது முடிந்ததும் நிமிர்ந்தார்.

"நாலுன்னு காட்டுது. கடைசில ஒண்ணுமே இல்லையேம்மா. அப்ப மூணுதானா?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. மூணுதானாவா? வாயைத் திறந்தேன். பத்தொன்பது வருடம் கடை நடத்திய வாய், அந்த மேசையை இரண்டாக்கியிருக்கும். கோகிலவாணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தக் கோணல் விரல் என் உள்ளங்கையில் உறுத்தியது. கடையில் பார்த்த நாளிலிருந்து அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன், அந்த ஹாலில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

"மூணுதானுங்க மேடம். நாலாவது வாங்கறதுக்கு முன்னால எந்திரிச்சு வந்துட்டேனுங்க. வாங்கிட்டு வந்திருந்தா நம்பியிருப்பீங்களா?"

மேசைமேல் மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடத்தன. யாரும் அவற்றைப் பிடிக்கவில்லை. அந்தம்மா என் போனை அணைத்து மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே குழந்தையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"உக்காரும்மா," என்றார். இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "மொத நாள்ல இருந்து சொல்லு. மெதுவாவே சொல்லு, நான் எழுதிக்கறேன்."